கீழ்பர்மா நிலம் எட்டே ஆண்டில் கைமாறியது எப்படி? வட்டியா, விலையா?

தெற்குவாசல் கேட்டது:

உலகமயமாக்கலும் ஏற்றத்தாழ்வும் என்று பேச்சு எடுத்தாலே 1991இல் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே 1870 முதல் 1930 வரை ஒரு முழுச் சுற்று ஓடி முடிந்திருக்கிறது. நீராவிக் கப்பல், சூயஸ் கால்வாய், தந்தி, கடல் தாண்டிய கடன், கடல் தாண்டிய கூலியாட்கள் எல்லாம் அந்தச் சுற்றிலேயே உண்டு. பர்மாவின் தென்பகுதியான கீழ்பர்மாவில் உள்ள ஐராவதி டெல்டா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதால் இந்த இழை.

கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், கடன் கொடுக்க வந்த தமிழ்நாட்டுச் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். விவசாயம் செய்யாதவர்கள் கையில் இருந்த மொத்த நிலம் அதே காலத்தில் 31இலிருந்து 50 சதவீதமாகிறது.

மூன்று சந்தேகங்கள். வட்டிக் கொள்ளைதான் இதற்குக் காரணம் என்பார் ஒருவர், செட்டியார் போட்ட மூலதனம் இல்லையென்றால் டெல்டாவே இல்லை என்பார் இன்னொருவர். கணக்குப்படி எது நிற்கும்? நெல் நன்றாக விற்ற 60 ஆண்டுகளில் சாகுபடியாளன் ஏன் கடனிலிருந்து மேலே வரவில்லை? பக்கத்திலேயே நெல் விற்ற சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஏன் இப்படி நடக்கவில்லை?

பேரேடு எழுதியது:

நிலம் எப்படி உண்டானது என்று பார்த்துவிட்டால் கடன் ஏன் வந்தது என்பது விளங்கிவிடும். 1852 போரில் கீழ்பர்மாவின் பெகு பகுதி பிரிட்டிஷாரிடம் போகும்வரை பர்மாவை ஆண்ட கொன்பவுங் அரசர்கள் அரிசியை வெளியே விடவில்லை. அப்போது கீழ்பர்மாவில் நெல் விளைந்தது ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கரில். 1930களில் அது 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடைப்பட்டதெல்லாம் சதுப்புக்காடும் ஆளுயரப் புல்லும். 1876 நிலச் சட்டத்தின்படி, காட்டைத் திருத்தி 12 ஆண்டு விடாமல் வரி கட்டி அனுபவித்தவனுக்கு நிலம் சொந்தம். சொந்தம் என்றால் விற்கலாம், அடகும் வைக்கலாம்.

திருத்திய நிலம் உருப்படியாக விளைய மூன்று நான்கு பருவம் ஆகும். அதுவரை சோறு, ஒரு ஜோடி எருமை, களத்துக்கு ஆள்கூலி, வரி எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். லண்டனில் தலைமையகம் வைத்திருந்த வங்கிகள் கிராமத்துப் பக்கம் தலைவைக்கவில்லை. அவை துறைமுகத்தில் உட்கார்ந்து ஏற்றுமதி உண்டியலுக்கு (பணம் தரும் உறுதிச்சீட்டு) மட்டும் பணம் கொடுத்தன. அந்த இடைவெளியில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகள் 1880க்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவின. 1930 வாக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 கடைகள். அந்த ஆண்டின் வங்கி விசாரணைக் குழு அவர்கள் போட்டிருந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி வங்கியிடம் வாங்கி மறுபடி கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. பெரும்பகுதி சொந்த முதல். அதன்மேல் உறவுக்காரர்கள், கோயில் மகமை (கோயிலுக்கென்று ஒதுக்கிய பணம்), மற்றவர்கள் போட்ட வைப்பு. வங்கிக் கடன் சிறு பங்குதான், ஆனால் முதலில் திருப்பிக் கேட்டது அதுதான். கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் நடப்பு வட்டியை ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடித் தீர்மானிப்பார்கள். குறித்த தவணைக்குப் போடும் பணத்தின் வட்டி தனி. கடையை நடத்துபவர் மூன்று வருடக் கணக்கில் வரும் ஏஜென்ட். முதலாளி ஊரில் இருப்பார். கணக்கு முடித்து ஐந்தொகை (சொத்து, கடன் பட்டியல்) போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும். எனவே ஏஜென்டுக்கு வேண்டியது சுழலும் பணம். நிலம் வந்து சேர்ந்தால் ஐந்தொகையில் சொத்து கூடும், பெட்டியில் காசு இருக்காது.

இப்போது சாகுபடியாளன் பக்கம். எண்கள் மாதிரிக்காக நான் அமைத்தவை. விளைச்சலும் விலையும் அன்றைய நிலவரத்தை ஒட்டியவை.

30 ஏக்கர். ஏக்கருக்கு 33 கூடை என்றால் சுமார் 1,000 கூடை நெல். கூடை 46 ராத்தல், ஏறத்தாழ 21 கிலோ. விதை, நடவுக்கும் அறுவடைக்கும் நெல்லாகவே அளக்கும் கூலி, வீட்டுச் சாப்பாடு சேர்த்து 400 கூடை போகும். விற்க மிச்சம் 600.

1920களின் நடுவில் 100 கூடைக்கு 180 ரூபாய் என்று வைத்தால் வரவு 1,080. செலவு: நில வரி ஏக்கருக்கு 3 ரூபாய் வீதம் 90. மணமானவனுக்குத் தலைவரி 5. மழைக்காலத்தில் வாங்கிய பயிர்க்கடன் 400, எட்டு மாதத்துக்கு நூற்றுக்கு மாதம் 2 வட்டி வீதம் 64, ஆகமொத்தம் 464. நிலத்தின்மேல் 2,000 ரூபாய் அடமானக் கடன், வருடம் 15 சதவீதத்தில் வட்டி 300. கூட்டினால் 859. மிச்சம் 221. துணிமணி, மாடு செத்தால் மாடு, கல்யாணம், அசலில் ஒரு பகுதி எல்லாம் இதற்குள். இரண்டாவது சந்தேகத்துக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது: நல்ல வருடத்திலேயே அசல் கரைய மாட்டேன் என்கிறது.

1931 தொடக்கத்தில் 100 கூடை 75 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதே 600 கூடைக்கு வரவு 450. பயிர்க்கடனையும் அதன் வட்டியையும் அடைக்கவே 14 ரூபாய் குறைகிறது. வரி, தலைவரி, அடமான வட்டி சேர்த்தால் துண்டு (பற்றாக்குறை) 409. விளைச்சல் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வட்டியைப் பாதியாக்கிப் பாருங்கள், மாதம் 1, வருடம் 7.5. பயிர்க்கடன் 432, அடமான வட்டி 150, வரிகள் 95. செலவு 677. அப்போதும் துண்டு 227. வட்டி இல்லாமலே கொடுத்திருந்தால்கூட 45 ரூபாய் துண்டு. வட்டி காயத்தை ஆழமாக்கியது உண்மை. வெட்டியது விலை.

கப்பித்தான் எழுதியது:

பேரேடு போட்ட கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 75 ரூபாய் ரங்கூன் ஆலை விலை. களத்துமேட்டில் கிடைத்தது அதற்கும் கீழே. நடுவில் படகு வாடகை, ஆலைகள் முன்பணம் கொடுத்து உள்நாட்டுக்கு அனுப்பும் தரகர், அளவில் அடி எல்லாம் உண்டு. ரங்கூன் ஆலை 46 ராத்தல் கூடை என்று நிறுத்து வாங்கும். கிராமத்தில் அளப்பது மரக்கூடை, பர்மியர் 'தின்' என்பார்கள். ஊருக்கு ஊர் கொள்ளளவு வேறு. பெரிய கூடையில் வாங்கி, நிறுத்து விற்றால் விலையில் கைவைக்காமலே தரகனுக்கு லாபம்.

விலையை யார் வைத்தார்கள் என்பது அடுத்தது. சூயஸ் திறக்கும் முன் அரைகுறையாக உமி நீக்கிய 'கார்கோ' அரிசிதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நெல்லாகவே இருக்கும். நன்னம்பிக்கை முனை சுற்றி மாதக்கணக்கில் போகும்போது தீட்டிய அரிசி கெட்டுவிடும் என்பதால் அப்படி. லிவர்பூலிலும் ஹாம்பர்கிலும் பிரேமனிலும் மறுபடி தீட்டுவார்கள். 1869இல் சூயஸ் திறந்த பிறகு வழி சுருங்கியது, நீராவிக் கப்பல் வந்தது. தீட்டும் ஆலை ரங்கூன் ஆற்றங்கரைக்கே நகர்ந்தது. உமியையே கொதிகலனில் எரித்து ஆலை ஓட்டினார்கள், எரிபொருள் செலவு கிடையாது. 1850களில் 2 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த ஏற்றுமதி 1920களின் கடைசியில் 30 லட்சம் டன்னை ஒட்டி நின்றது.

அந்த ஆற்றங்கரை ஆலைகளில் பெரியவை நான்கைந்து ஐரோப்பியக் கம்பெனிகளுடையவை. ஸ்டீல் பிரதர்ஸ் அவற்றில் முதன்மை. 1921இல் நான்கு பெரிய கம்பெனிகள் சேர்ந்து 'புல்லிங்கர் பூல்' என்ற கூட்டு அமைத்தன. ஒரே கொள்முதல் விலை, ஒருவருக்கொருவர் போட்டி கிடையாது. சிறு ஆலைக்காரர்கள் பர்மியர், சீனர், இந்தியர் என்று நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் கப்பல் இடமும் லண்டன் வாங்குபவரும் அவர்கள் கையில் இல்லை.

பூல் நினைத்தபடியெல்லாம் விலையை இறக்க முடிந்தது என்று சொல்லவில்லை. உலக விலை அதற்கு மேலே இருந்தது. காலத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். அறுவடை முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றாக வேண்டும். நில வரி அப்போதுதான் கேட்கப்படும், பயிர்க்கடன் தவணையும் அப்போதுதான். குதிர் வைத்து மழைக்காலம் வரை பொறுத்தால் நல்ல விலை கிடைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். பொறுக்க முடிந்தவன் ஆலைக்காரனும் பெரிய நிலக்காரனும்தான்.

ரூபாயின் மாற்றுவிகிதத்தையும் விடக்கூடாது. 1927இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உயர்த்திக் கட்டினார்கள். லண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற அரிசிக்கு 15 ரூபாய் கிடைத்த இடத்தில் 13 ரூபாய் 5 அணா 4 காசுதான். கடன் மட்டும் பழைய ரூபாயிலேயே நிற்கிறது. 1929க்கு முன்பே விலை தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பான் கொரியாவிலும் தைவானிலும் தனக்கு வேண்டியதை விளைவித்துக்கொண்டு வெளி அரிசியைக் குறைத்ததும் அதே காலம்.

தெற்குவாசல்:

நன்றி. பேரேடு சார், ஒரு சந்தேகம். விலை ஏறிக்கொண்டிருந்த 1880–1920 காலத்திலும் அசல் கரையவில்லை என்றால் அந்த ஏற்றம் யாரிடம் போனது? ஆலைக்காரரிடமா, செட்டியார் கடையிலா? கூலியாட்களுக்கு ஒன்றும் சேரவில்லையா?

மேஸ்திரி எழுதியது:

நிலத்தின் விலைக்குள் போனது. முதல் தலைமுறை காடு திருத்தி நிலம் சேர்த்தபோது காடு மலிவு, ஆள் பஞ்சம். அதனால் உழைப்பவன் கையில் பேரம் இருந்தது. 1900க்குப் பிறகு திருத்த மிஞ்சிய காடு குறைந்துகொண்டே வந்தது. அரிசி விலை ஏற ஏற நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறின. கூலி மட்டும் ஏறவில்லை, ஏனென்றால் வங்காள விரிகுடாவின் மறுகரையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது.

வந்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர். கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரிப் பக்கத்துக்காரர்கள். தமிழர் ராமநாதபுரம், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தார்கள், எண்ணிக்கையில் குறைவு. மேஸ்திரி (ஆள் சேர்க்கும் தரகர்) ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்துப் பத்து இருபது பேரைச் சேர்ப்பார். கப்பல் மேல்தட்டுக் கட்டணம் அவர் பொறுப்பு, கடன் இவர்கள் பேரில். ரங்கூனில் ஆலையோ துறைமுக ஒப்பந்தக்காரரோ கூலியை மேஸ்திரியிடம்தான் கொடுப்பார். தலைமை மேஸ்திரி, கீழ்மேஸ்திரி, கும்பல் என்று இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் பிடித்தம். கப்பலில் மூட்டை ஏற்றியவன் கைக்கு வரும் தொகையை ஒப்பந்தக்காரரின் செலவுப் புத்தகத்தில் பார்க்கும் தொகையாக எடுத்துக்கொண்டால் தப்புக் கணக்கு வரும்.

வேலையும் ஆண்டு முழுக்க இல்லை. நவம்பர் டிசம்பரில் டெல்டாவில் அறுவடை, ஜனவரியிலிருந்து நான்கைந்து மாதம் ஆலை. பிறகு துறைமுகம் அல்லது ஊருக்குத் திரும்புதல். ஒரே ஆள் மூன்று வேலைக்கும் நகர்வதால், தனியாக ஒரு பர்மியக் கூலி வர்க்கம் ஆலையிலோ துறைமுகத்திலோ உருவாகவே இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் 4 லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். அரிசி விலை விழுந்து, நிலம் இழந்த பர்மியர் வேலை தேடி ரங்கூன் வந்தபோது கதவருகில் ஆள் நின்றிருந்தது. 1930 மே மாதத் துறைமுகக் கலவரம் அங்கிருந்துதான் வெடித்தது. வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளருக்குப் பதில் பர்மியரை எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியே அனுப்பினார்கள். அடிபட்டது இரண்டு பக்கத்து ஏழைகளும்தான். அதே வருடம் டிசம்பரில் தாராவடியில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. தலைவரியைத் தள்ளிவைக்கச் சொன்ன கோரிக்கைக்கு இறங்காத அரசு, ஒரு வருடம் கழித்து சயா சானைத் தூக்கிலிட்டது.

ஒன்று மட்டும் பேரேடிடம் சண்டை போடுவேன். "வெட்டியது விலை" என்று முடித்தால் கடன் கொடுத்தவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகிறார். நிலத்தின் விலை ஏறுகிறது என்பதை நம்பித்தானே ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் கொடுத்தார்கள்? 1920களில் நிலத்தின் மதிப்பில் பாதிக்கும் மேல் கடன் ஏற்றியவர்கள் அவர்கள்தான். கடன் எளிதாகக் கிடைத்ததால் நில விலை ஏறியது. நில விலை ஏறியதால் இன்னும் கடன்.

பேரேடு:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அந்த நம்பிக்கைக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள். என் மாதிரி 30 ஏக்கர் ஏக்கருக்கு 100 ரூபாய் என்றால் 3,000. கடன் 2,000. விலை 40க்கு இறங்கினால் சொத்து 1,200. நிலத்தை எழுதி வாங்கிய அன்றே ஏஜென்டுக்கு 800 நஷ்டம். வழக்குப் போட்டு ஏலம் விட்டால் கோர்ட்டுச் செலவு தனி, ஏலம் கேட்க ஊரில் யாரிடமும் ரொக்கம் இல்லை. எனவே பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமல் கடனுக்கு ஈடாகக் கிரயம் எழுதிக்கொண்டு, பழைய சொந்தக்காரரையே குத்தகைக்காரராக வைத்துவிட்டார்கள். வெளியே பார்ப்பவருக்கு அதே ஆள், அதே ஏர், அதே வயல். மாறியது, வட்டிக்குப் பதில் ஏக்கருக்கு இத்தனை கூடை குத்தகை.

செட்டியாரை விடக் கடுமையான கடன் ஊரிலேயே உண்டு. மழைக்காலத்தில் ரொக்கம் வாங்கி அறுவடையில் நெல்லாகத் திருப்பும் 'சபபே' கடன். கொடுத்தவர் பெரும்பாலும் பர்மியப் பெரிய நிலக்காரரோ கடைக்காரரோ. நெல் விலையை அடிமட்டத்தில் பிடித்துக்கொள்வதால் உண்மையான வட்டி செட்டியார் அடமானத்தின்மேல் வாங்கிய மாதம் 1.25, 1.5 சதவீதத்தை விடப் பல மடங்கு. எழுத்தில் வராத கடன், அதனால் புள்ளிவிவரத்திலும் வராது.

சாவ்பிரயா எழுதியது:

சயாம் பற்றி. பிரிட்டனோடு செய்த 1855 பௌரிங் ஒப்பந்தம் சயாமையும் அரிசிச் சந்தைக்குத் திறந்துவிட்டது. இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்று கையைக் கட்டியது. விற்ற சந்தையும் ஒன்றுதான்: சிங்கப்பூர், ஹாங்காங், பிறகு ஐரோப்பா. நிலத்தின் மதிப்பு கூலியை முந்தி ஏறியதும் இரண்டு இடத்திலும் பொது. ஐரோப்பாவில் அதே காலத்தில் நேர் எதிர். அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்ததால் இங்கிலாந்தில் பண்ணைக் குத்தகை சரிந்தது, தொழிலாளி வாங்கும் ரொட்டி மலிந்தது. ஒரே கப்பல் போக்குவரத்து ஒரு கரையில் நிலக்காரனைக் குறைத்து, மறுகரையில் நிலக்காரனை உயர்த்தியது.

வித்தியாசம் அடமானத்தில். சயாமில் வெளிநாட்டவர் நிலம் பிடிக்க இடவரம்பு இருந்தது. பாங்காக்கிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உரிமை கிடையாது. எனவே கடலுக்கு அப்பாலிருந்து பெரிய முதல் வந்து கிராம நிலத்தின்மேல் உட்காரவில்லை. கடன் சீனக் கடைக்காரர், ஆலைத் தரகர் வழியாகச் சிறிது சிறிதாக, பயிரை நம்பிக் கொடுத்தது. டெல்டா அளவுக்கு நிலத்தை நம்பிக் கடன் ஏறவில்லை. அதனால் விலை விழுந்தபோது சயாம் விவசாயி சந்தையை விட்டுப் பின்வாங்கிச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிரிட முடிந்தது. ரொக்கக் கடனும் ரொக்க வரியும் இருந்த டெல்டாக்காரருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

சயாம் சொர்க்கம் என்று எழுதிவிடாதீர்கள். பாங்காக்குக்கு வடகிழக்கே ரங்சித் கால்வாய்ப் பகுதியில், கம்பெனியும் அரச குடும்பத்தவரும் நிலம் பிடித்த இடங்களில், பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள்தான். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்ததை விட்டபோது ரூபாயும் ஸ்டெர்லிங்கோடு (பிரிட்டிஷ் பவுன்) இறங்கியது. சயாம் 1932 மே வரை தங்கத்திலேயே தொங்கியதால் அதன் அரிசி சந்தையில் விலை கூடி நின்றது. அடுத்த மாதமே அங்கே முடியாட்சியின் முழு அதிகாரம் போயிற்று. அது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் காரணங்களில் ஒன்று.

மூன்றாவதாக மேகாங் டெல்டாவையும் பக்கத்தில் வையுங்கள். கொச்சின்சீனாவில் (இன்றைய வியட்நாமின் தென்பகுதி) பிரெஞ்சு அரசு கால்வாய் தோண்டி, வெளிப்பட்ட நிலத்தைப் பெரிய துண்டுகளாக ஏலம் விட்டது. 1930 வாக்கில் அங்கே நிலமுடையோரில் 2.5 சதவீதத்தினரிடம் 45 சதவீத நெல் நிலம். இங்கே ஏற்றத்தாழ்வு கடன் முற்றி வரவில்லை, தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சைகோனிலும் செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் கடன் கொடுத்தது பெரும்பாலும் பெரிய நிலக்காரருக்கு, குடியானவனுக்கு அல்ல. மூன்று டெல்டா, ஒரே உலக விலை. நிலத்தை முதலில் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள், அதன்மேல் யார் கடன் ஏற்றலாம் என்ற இரண்டும்தான் மூன்றையும் பிரித்தன.

கூடைக்காரன் எழுதியது:

எண்களை வைத்துக் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள், இந்த இழையிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள் என்பதால்.

6, 25 என்ற சதவீதங்கள் 13 நெல் மாவட்டங்களுக்கு. "பர்மாவின் கால்வாசி நிலம்" என்று எழுதினால் பிழை. மேல்பர்மாவில் செட்டியார் நிலம் மிகச் சொற்பம்.

அரசுக் கணக்கில் 'விவசாயி' என்ற பத்தியில் வருகிறவர் ஏர் பிடிப்பவர் என்று எடுக்க வேண்டாம். தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரில் இருக்கும் பர்மியப் பெரிய நிலக்காரரும் அந்தப் பத்தியில் வரலாம். ஆக 50 சதவீதம் போக மீதி 50 உழுபவர் கையில் இருந்தது என்ற முடிவு நிற்காது. உழுபவரிடம் இருந்தது அதைவிடக் குறைவு.

விலை எப்போதும் '100 கூடைக்கு'. அரிசி விலையா நெல் விலையா என்று பாருங்கள். நெல்லை அரிசியாக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உமி, தவிடு, நொய்யாகப் பிரிந்துவிடும். லண்டன் அரிசி விலையிலிருந்து நெல் விலையை நேராகக் கழித்துவிட்டு, வித்தியாசம் எல்லாம் ஆலை லாபம் என்று எழுதிய கட்டுரைகள் இணையத்தில் உண்டு. சாக்கு, கப்பல் கூலி, காப்பீடு எதுவும் கழிபடாமல்.

இன்னொன்று, பர்மா அரிசி யார் வயிற்றுக்குப் போனது என்பது. ஐரோப்பாவுக்குப் போனதில் ஒரு பங்கு ஸ்டார்ச், சாராயம், கால்நடைத் தீவனம். மற்றபடி இந்தியா, இலங்கை, மலாயா. இலங்கைத் தோட்டங்களில் மாத அரிசியைத் தோட்டமே அளந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த அரிசி பெரும்பாலும் ரங்கூன் அரிசி. அது மலிவாக இருந்தவரைக்கும் தோட்டத்தில் சம்பளம் உயர்த்தும் நெருக்கடி வராது. 1930களில் தஞ்சை மிராசுதார்கள் இறக்குமதி அரிசிமேல் வரி கேட்டார்கள். ஆனால் 1937 வரை பர்மா இந்தியாவின் மாகாணம், அதன் அரிசிக்கு எப்படி வரி போடுவது? டெல்டாவில் விழுந்த விலை காவிரிக் கரையிலும் விழுந்தது அப்படித்தான்.

தெற்குவாசல்:

இது போதும், மிக்க நன்றி. கடைசியாக: பர்மா சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் உழுபவருக்குத் திரும்பியபோது அந்த 180, 75 ஆட்டம் நின்றதா?

கப்பித்தான்:

நிலம் திரும்பியது, அரைகுறையாக. 1942இல் ஜப்பானியர் வந்ததும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தே வெளியேறினார்கள். செட்டியார் ஏஜென்டுகளும் கணக்குப் புத்தகங்களோடு போனார்கள். 1948 நில நாட்டுடமைச் சட்டம் உடனே நடைமுறைக்கு வந்தது ரங்கூனை அடுத்த சிரியம் பகுதியில் மட்டும். மறுபடி 1953இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல இடங்களில் குத்தகை கொடுக்காமலே பயிரிட்டார்கள், வசூலிக்க ஆள் இல்லை.

ஆனால் ஏற்றுமதி முழுவதும் அரசு வேளாண் சந்தை வாரியம் கைக்குப் போயிற்று. வாரியம் விவசாயிக்கு 100 கூடைக்கு 285 ரூபாய் என்று விலை கட்டியது. கொரியப் போர் வந்து உலக அரிசி விலை பறந்த ஆண்டுகளிலும் அந்த 285 அசையவில்லை. வித்தியாசம் அரசின் வருவாயில் பெரும் பங்காயிற்று. உழுபவர் இந்தமுறை விலை விழுந்ததில் மாட்டிக்கொள்ளவில்லை, ஏறியதிலும் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை.